ஊமை வீரன் கல்லுக்கு வெளிய

எனக்கு வாய் நீளம்னு எங்க வகையறா பூரா சொல்லும். சொல்லட்டும், இருக்கறதுதானே. விருத்தாசலத்துல செராமிக் கம்பெனியில பத்து பொம்பளைங்க வரிசையா ஒக்காந்து பொம்மைக்குக் கண்ணு எழுதற எடத்துல வாய் இல்லாதவ பொழைக்க முடியுமா? மேஸ்திரி ஒண்ணு சொன்னா இந்தத் தனக்கோடி நாலு சொல்லுவா. ஆனா எங்க குலசாமிக்கு வாயே கெடையாது. ஊமை வீரன்னு பேரு. போன ஆடி மாசம் அந்தச் சாமி முன்னால நான் நின்ன நெலமைய நெனைச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

ஊமைன்னா பொறவி ஊமை இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல எங்க வூட்டுக்காரரு வகையறாவுல இருந்த மனுஷன் அவரு. அப்பல்லாம் சாமிக்குப் படைக்கறதுக்கு, புள்ள பெத்தவளுக்கு மருந்துக்கு, அறுப்பு முடிஞ்ச அலுப்புக்குன்னு அவங்கவங்க வூட்டுலயே வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில ஊறப்போட்டுக் காய்ச்சிக்குவாங்களாம். ஒருத்தரும் அதைத் தப்புன்னு நெனைச்சதில்ல. வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். இனிமே வூட்டுல சாராய அடுப்பு வச்சா ஜெயிலு, வேணும்னா குத்தகைக்காரன் கடையில காசு குடுத்து வாங்கிக்கன்னுட்டான். குடிக்காதன்னு சொல்லல பாருங்க. எங்கிட்ட வாங்கிக் குடின்னான். படுபாவி.

அந்தச் சட்டம் வந்த பொறவும் எங்க ஆளுங்க சாமிக்கு ஒரு பானை காய்ச்சியிருக்காங்க. யாரோ போயி சொல்லிட்டாங்க. சேவகனுங்க வந்து பானையை எடுத்துட்டு, காய்ச்சினது எந்த வூட்டுப் பொம்பளைன்னு கேட்டு இந்த மனுஷனைப் புளியமரத்துல கட்டி வச்சி அடிச்சிருக்கானுங்க. அவரு வாயைத் தொறக்கல. பேரைச் சொல்லாமலே செத்துட்டாரு. செத்த எடத்துல கல்லு நட்டோம், சாமியாயிட்டாரு. ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல போயி எறங்கி, வயல் வரப்புல கொஞ்சம் நடந்தா இப்பவும் அந்தப் புளியமரம் இருக்குது. காட்டிக்குடுத்தது யாருன்னு மட்டும் இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. எங்க பங்காளிங்கள்ல ஒருத்தன்தான்னு சொல்லுவாங்க.

அன்னியிலேருந்து எங்களுக்கு ரெண்டு கட்டு. வருஷா வருஷம் சாமிக்கு ஒரு வூடு காய்ச்சணும். அது எந்த வூட்டு முறைன்னு பூசாரிக்கு மட்டும்தான் தெரியும். அவரு அந்த வூட்டுப் பொம்பள காதுல சொல்லுவாரு, அதோட சரி. அவ புருஷன்கிட்டக்கூட சொல்லக்கூடாது. ஒத்தாசைக்கு ஒருத்தரைக் கூப்ட்டுக்கலாம், அவங்களும் வாயைத் தொறக்கக்கூடாது. தெரிஞ்சாத்தானே அடிச்சிக் கேட்டா சொல்லுவாங்கன்னு அந்தக் காலத்துல யோசிச்சி வச்சது.

ரெண்டாவது, படையல் அன்னிக்கு ஊத்தறதுக்கு முன்னால பூசாரி மூணு வாட்டி சத்தமா கேப்பாரு: "காட்டிக்குடுத்தவங்க இந்தக் கூட்டத்துல இருந்தா எல்லைக்கல்லுக்கு வெளிய போயி நில்லுங்க." யாரும் போனதில்ல. போறதுக்கு யாரு இருக்கா? பசங்க கிக்கிக்கின்னு சிரிக்கும். முந்தின வருஷம் நானே, "ஏஞ்சாமி தொண்டை வலிக்கக் கத்தறீங்க, வாட்சாப்புல ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்களேன்"னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சேன். மூணு வாட்டி கேட்டு முடிச்ச பொறவுதான் பூசாரி அந்த வருஷத்து வூட்டுப் பேரைச் சொல்லுவாரு. அந்த வூட்டுப் பொம்பள வந்து குவளையை எடுத்துச் சாமிக்கு ஊத்துவா. அப்பத்தான் எல்லாருக்குமே தெரியும்.

எனக்கும் சாராயத்துக்கும் ஆவாது. எம்புருஷன் சாமிதுரை குடிச்சிக் குடிச்சே ஈரல் வெந்து ஜிப்மர்ல செத்தாரு. கள்ளச் சரக்கு இல்லீங்க, கவர்மெண்டு கடையில வரிசையில நின்னு வாங்கினது. அதுலேருந்து அந்த வாடை பட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். படையலுக்குப் போனாக்கூட மூக்கை முந்தானையால பொத்திக்கினு நிப்பேன். பூசாரி ராஜமாணிக்கத்துக்கிட்டயே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். "சாமி, எங்க வூட்டு முறை வந்தா எங்காதுல வந்து ஓதாதீங்க, பானையைத் தூக்கிப்போட்டு ஒடைச்சிடுவேன்"னு. அவரு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினு போயிட்டாரு.

எனக்கு ஒரே புள்ள, நிலவன். ஜங்ஷன் பக்கம் மோட்டார் கடையில வேலை பாக்கறான். அப்பன் மாதிரி ஆயிடுவானோ, ஆயிடுவானோன்னு தெனம் அவன் சட்டையை மோந்து பாத்துட்டுத்தான் தொவைக்கப் போடுவேன். சிரிக்காதீங்க, பெத்தவளுக்குத்தான் அந்த பயம் தெரியும்.

ஆனி மாசக் கடைசியில எங்க கம்பெனிக்குப் பின்னாலேருந்து ஒரு புளிச்ச வெல்ல வாடை வர ஆரம்பிச்சது. பின்னால ஒரு மூடிப்போன கம்பெனி, இடிஞ்ச சூளை, சுத்தி முள்ளுச்செடி. கூட வேலை செய்யறவளுங்க, "எவனோ ஊறல் போட்டிருக்கான்டி, நம்ம பசங்க வாயில ஊத்தறதுக்கு"ன்னாளுங்க. மறுநா வேலைக்குப் போறேன், அந்த மதிலோரமா எம்புள்ள வண்டி நிக்குது. சாயந்தரம் அவன் சட்டையை எடுத்து மோந்தா அதே வாடை.

"அங்க இன்னாடா வேலை ஒனக்கு?"

"நான் குடிக்கலம்மா. அப்பா மேல சத்தியம்."

"அப்ப எதுக்குடா போன?"

தலையைக் குனிஞ்சிக்கினான். கேட்டேன், திட்டினேன், கன்னத்துலயும் ஒண்ணு குடுத்தேன். "வாயைத் தொறடா"ன்னு கத்தறேன், குத்துக்கல்லாட்டம் நிக்கறான். அவங்கப்பனும் இப்படித்தான், கேட்டா வாயைத் தொறக்க மாட்டாரு. எனக்கு வெறியே புடிச்சிடுச்சி.

மறுநாளே பஸ்ஸ்டாண்டுல எழுதிப் போட்டிருந்த மதுவிலக்கு போலீஸ் நம்பருக்கு போன் போட்டேன். "பேரு வாணாம்மா, எடத்தை மட்டும் சொல்லுங்க"ன்னாங்க. வழி சொன்னேன், சூளை எந்தப் பக்கம்னு சொன்னேன், காலையில வந்தா கையும் களவுமா புடிக்கலாம்னு யோசனைகூட சொல்லிக் குடுத்தேன். போனை வச்சிட்டு ஒரு டீயும் வடையும் வாங்கித் தின்னேன். புள்ளயக் காப்பாத்திட்டேன்னு அவ்ளோ சந்தோஷம்.

சாமிக்குக் காய்ச்சறதா இருக்கும்னு தோணலியான்னு கேப்பீங்க. தோணல. எப்பவும் ஊர்ப்பக்கம் கரும்புக் கொல்லையிலதான் அடுப்பு வைப்பாங்க. டவுனுக்குள்ள, இத்தினி சூளைக்கு நடுவுல ஒருத்தி வைப்பான்னு எவ நெனைச்சா? சூளைப் புகையோட அந்தப் புகையும் போயிடும்னு யோசிச்சிருக்கா பாருங்க, அவ கெட்டிக்காரி.

ரெண்டு நாள் கழிச்சி ஜீப்பு வந்துது. நாங்க எல்லாம் பிரஷ்ஷைக் கையில புடிச்சிக்கினே மதிலாண்ட ஓடினோம். முள்ளுச்செடிக்குள்ளேருந்து ஒரு பொம்பளயக் கையப் புடிச்சி இழுத்துக்கினு வராங்க. பாத்தா எங்க வீரம்மாக்கா.

வீரம்மாள் எங்க மூத்தாரு பொண்டாட்டி, என் ஓர்ப்படி. மூத்தாரு திருப்பூர்ல இருக்காரு. அக்கா அந்த மூடின கம்பெனியைக் கூட்டிப் பெருக்கி சாவி வச்சிக்கினு இருந்தது. எம்புருஷன் ஜிப்மர்ல கெடந்தப்ப எனக்குத் தூக்குல சோறு கொண்டாந்தவ அவ. பொணத்தை வூட்டுக்குக் கொண்டாந்த அன்னிக்கு என் தலையை மடியில வச்சிக்கினவ அவ. ஊறலை மண்ணுல கொட்டிட்டு, பானையை அவ கையிலயே குடுத்துத் தூக்க வச்சி போட்டோ புடிச்சாங்க. அக்கா நிமிந்து மதில் பக்கம் பாத்துது. என்னைப் பாத்துது. தலையை லேசா ஆட்டிச்சி, வராத, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு. அந்த நெலமையிலயும் என்னைக் காப்பாத்துது. நான் பொம்மை பிரஷ்ஷைப் புடிச்சிக்கினு நிக்கறேன்.

வூட்டுக்கு வந்தா நிலவன் சுவத்துல சாஞ்சி அழுதுக்கினு இருக்கான். "அம்மா, அது சாமிக்குக் காய்ச்சினதும்மா. பெரியம்மா பட்டையும் வெல்லமும் வாங்கியாரச் சொல்லிச்சி. யாருகிட்டயும் மூச்சு வுடக்கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிச்சி. அதான் ஒங்கிட்டகூட சொல்லல. எவம்மா காட்டிக்குடுத்தது? யாருன்னு தெரிஞ்சா அவனை வுட மாட்டேன்."

"தெரியலப்பா"ன்னேன். அவன் கண்ணைத் தொடைச்சி வுட்டேன். அறைஞ்ச கன்னத்தையும் தடவிக் குடுத்தேன். த்தூ, என்னையே காறித் துப்பிக்கணும் போல இருந்துது.

அக்காவை ரிமாண்டு பண்ணி ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாங்க. வகையறா பூரா கொதிச்சிப் போச்சி. வெள்ளைக்காரன் காலத்துல நடந்தது மறுபடி நடந்துடுச்சி, எவன் அவன்னு தேட ஆரம்பிச்சாங்க. ஆளும் கெடைச்சிட்டாரு. பச்சமுத்து மாமா. எங்க பங்காளிதான், பஸ்ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டறாரு. ஜீப்பு வந்த அன்னிக்குக் காலையில ஒரு போலீஸ்காரரை அவரு ஸ்டேஷன்ல எறக்கி வுட்டதை யாரோ பாத்திருக்காங்க. சவாரி வந்தா ஏத்தாம என்ன பண்ணுவாரு? ஆனா அவருக்கும் வீரம்மாக்காவுக்கும் சாக்கடைத் தண்ணி சண்டை ஏற்கனவே உண்டு. அவ்ளோதான், முடிவு கட்டிட்டாங்க.

அவரு வூட்டுல யாரும் தண்ணி குடிக்கறதில்லன்னு ஆயிடுச்சி. படையலுக்கு மறுநா அவரு பேத்திக்குக் காதுகுத்து வச்சிருந்தாரு. குடுத்த பத்திரிகையை ஒவ்வொருத்தரா கொண்டு போயி அவரு கையிலயே திருப்பிக் குடுத்தாங்க. ஒருநா மத்தியானம் எங்க வூட்டுக்கு வந்தாரு. ஒக்காருங்கன்னு சொன்னாலும் ஒக்காரல.

"ஏம்மா தனக்கோடி, நீயாச்சும் நம்பும்மா. சாமி சத்தியமா நான் இல்ல. நீ எங்க போனாலும் நாலு பேரோட பேசற பொண்ணு. நீ காதுகுத்துக்கு வந்தா ஒன்னைப் பாத்து மத்தவங்களும் வருவாங்க. கொழந்தை இன்னாம்மா பண்ணுச்சி?"

நான் மோரு கரைச்சிக் குடுத்தேன். "பாக்கலாம் மாமா"ன்னேன். பாக்கலாமாம்! என் வாயில கொள்ளிக்கட்டையை வைக்க. அந்த மனுஷன் மோரைக் குடிச்சிட்டு, "என் கையால தொட்ட டம்ளரு, கழுவி வச்சிட்டுப் போறேன்"னு கழுவி வச்சிட்டுப் போனாரு. நாலஞ்சு நாளு வரைக்கும் அந்த டம்ளரை நான் எடுக்கவே இல்ல.

சொல்லிடலாம்னு தெனம் நெனைப்பேன். சொன்னா நிலவன் என் மூஞ்சியில முழிப்பானா? ஜெயில்ல இருக்கறவளுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? எதுத்த வூட்டுக்காரி கோழி முட்டையைக் காணோம்னாக்கூட தெருவுல நின்னு ஞாயம் பேசற வாய் இது. இதுக்கு மட்டும் தொறக்கல.

ஆடி கடைசி வெள்ளி படையல். வீரம்மாக்கா ஜாமீன்ல வந்து சேந்துது. கழுத்தெலும்பு தெரிய எளைச்சிப் போயிருந்துது. என்னைப் பாத்ததும், "இன்னாடி, கண்ணெல்லாம் குழி வுழுந்து கெடக்குது, சாப்பிடறியா இல்லியா?"ன்னு கேட்டுது. நான் அந்தண்ட திரும்பிக்கினு தேங்காய் எடுத்து வச்சேன்.

பொங்கல் பொங்கி, கெடா வெட்டி, வாழையெலை போட்டாச்சி. நடுவுல ஒரு வெள்ளைப் பீங்கான் குவளை. வருஷா வருஷம் புதுசு வைக்கணும். இந்த வாட்டி ரெண்டு மாசம் முன்னாலயே அக்கா, "ஒங்க கம்பெனியிலேருந்து ஒரு நல்ல குவளையா எடுத்துக் குடுடி"ன்னு கேட்டிருந்துது. எதுக்குன்னு கேக்காமலே ஓரத்துல ஒரு சேப்புப் பூ எழுதிக் குடுத்தேன். அந்தக் குவளைதான் எலையில இருந்துது. ஆனா ஊத்தறதுக்குச் சாமி சரக்கு ஏது? அதைத்தான் மண்ணுல கொட்டிட்டாங்களே. கவர்மெண்டு கடையிலேருந்து ஒரு பாட்டிலு ரம்மு வாங்கியாந்து வச்சிருந்தாங்க. எம்புருஷன் தலைமாட்டுல கெடக்குமே, அதே லேபிளு. எங்கிட்ட வாங்கிக் குடின்னு சொன்ன வெள்ளைக்காரன் பேச்சைக் கேக்காமத்தான் அந்த மனுஷன் அடிபட்டுச் செத்தாரு. இத்தினி வருஷம் கழிச்சி அவரு எலைக்கே கடைச் சரக்கைக் கொண்டாந்து வச்சிட்டேன் நான்.

பூசாரி ராஜமாணிக்கம் பிரம்பை எடுத்துக்கினு நின்னாரு. "காட்டிக்குடுத்தவங்க இந்தக் கூட்டத்துல இருந்தா எல்லைக்கல்லுக்கு வெளிய போயி நில்லுங்க."

இந்த வருஷம் யாரும் சிரிக்கல. எல்லாத் தலையும் பச்சமுத்து மாமா பக்கம் திரும்பிச்சி. அவரு பேத்தியத் தூக்கி வச்சிக்கினு ஓரமா நின்னாரு.

ரெண்டாவது வாட்டி கேட்டாரு. கூட்டத்துலேருந்து ஒருத்தன், "நடக்க முடியலன்னா ஆட்டோவுல போங்க"ன்னான். நாலு பேரு ஆமா ஆமான்னானுங்க. எம்புள்ளயும் அதுல ஒருத்தன். எங்காதால கேட்டேன்.

மாமா பேத்திய எறக்கி அவரு பொண்ணு கையில குடுத்தாரு. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினாரு. "நான் போறேன்டா. போயி நின்னுக்கறேன். நாளைக்குக் கொழந்தை காதுகுத்துக்கு மட்டும் வந்துடுங்கடா"ன்னு சொல்லிக்கினே எல்லைக்கல்லைப் பாத்து நடக்கறாரு.

அதுக்கு மேல என்னால முடியல.

"மாமா, நில்லுங்க"ன்னேன். எங்குரலு எனக்கே வேற யாரோ பேசற மாதிரி கேட்டுது. "நீங்க போவாதீங்க. நான்தான் போன் போட்டேன்."

வாயாடி, வாயாடின்னு பேரு வாங்கினவளுக்கு அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. புள்ளைக்காகப் பண்ணேன்னு சொல்லலாம், தெரியாமப் பண்ணேன்னு சொல்லலாம். ஒண்ணும் வரல. நிலவன் என்னைப் பாத்தான். "அம்மா"ன்னு கூப்புடுவான்னு பாத்தேன், கூப்புடல. அவன் கையில வச்சிருந்த கற்பூரத் தட்டு சாஞ்சி துன்னூறு எல்லாம் கொட்டிச்சி. நான் மாமாவைத் தாண்டி நடந்து போயி கல்லுக்கு அந்தண்ட நின்னேன். அவரு திரும்பிப் போயி பேத்தியத் தூக்கிக்கினாரு. வயக்காட்டுல மோட்டார் ஓடற சத்தம் மட்டும் கேக்குது.

முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல. பூசாரி மூணாவது வாட்டியும் கேட்டாரு. கேட்டு முடிச்சிட்டு, வூட்டுப் பேரைச் சொல்ல வாயெடுத்தவரு நிறுத்திட்டாரு. என்னைப் பாத்தாரு, வீரம்மாக்காவைப் பாத்தாரு.

அக்கா ஓடியாந்து அவரு கையைப் புடிச்சிக்கிச்சி. "வாணாம் சாமி. சொல்லாதீங்க. இந்த வருஷம் மட்டும் எங்க வூட்டுப் பேரைச் சொல்லிடுங்க. ஒங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்."

"சாமி வாசல்ல பொய் சொல்ல முடியாதும்மா"ன்னாரு. பிரம்பைத் தரையில ஊனிக்கினு சொன்னாரு. "இந்த வருஷத்து முறை, சாமிதுரை வூடு. வூட்டுப் பொம்பள வந்து குவளையை எடுக்கணும்."

சாமிதுரை வூடு. எங்க வூடு.

பானையை ஒடைச்சிடுவேன்னு நான் பேசின பேச்சுக்கு பயந்து பூசாரி எங்காதுல சொல்லாம அக்கா காதுல சொல்லியிருக்காரு. எங்க வூட்டு முறை வுட்டுப் போனா எம்புள்ளைக்கு ஆவாதுன்னு அவ தலையில எடுத்துப் போட்டுக்கினு செஞ்சிருக்கா. எனக்காக அடுப்பு வச்சி, எனக்காகப் பானையைத் தூக்கிக்கினு போட்டோவுக்கு நின்னு, எனக்காக ஜெயில்ல போயி ஒக்காந்திருக்கா. அன்னிக்கு மதிலாண்ட தலையை ஆட்டினதும் அதுக்குத்தான். எங்க வூட்டு அடுப்பை நானே போன் போட்டுக் காட்டிக்குடுத்திருக்கேன்.

நான் பூ எழுதின குவளை அங்க எலையில இருக்குது. என்னால கல்லைத் தாண்டிப் போவ முடியாது. நின்ன எடத்துலயே அப்படியே மண்ணுக்குள்ள போயிடக் கூடாதான்னு இருந்துது. முந்தானையை எடுத்து மூஞ்சியை மூடிக்கினேன்.

"தனக்கோடி"ன்னு கூப்ட்டுது அக்கா.

மூஞ்சியைத் தொறந்து பாத்தேன். குவளையை ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு கல்லுக்கு உள்பக்கமா வந்து நிக்குது. அது கண்ணுலேருந்து தண்ணி வழியுது. முறைக்காரி உத்தரவு இல்லாம இன்னொருத்தி ஊத்தக்கூடாது. அதனால கேக்குது, ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவ, போன் போட்டவகிட்ட கேக்குது.

"ஒங்க வூட்டுக் குவளைடி இது. நான் ஊத்தட்டுமா?"

ஊத்துக்கான்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சத்தமே வரல. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவ திரும்பிப் போயி ஊத்தினா.